காட்டின கை

சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது. நம் வயசு ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்குதான் அப்போது நமக்குக் கடிகாரம். உலை வைப்பது அதைக் கேட்டு. பிள்ளைகளைத் தெருவிலிருந்து உள்ளே கூப்பிடுவது அதைக் கேட்டு. திருவொற்றியூரில் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஃபுட்பால் ஆட்டம் முடிவதும் அதைக் கேட்டுத்தான். சாயங்காலச் சங்கு ஊதினால் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். கோலுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் செல்லாது.

அந்த மைதானம் இப்போது இல்லை. கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

புல் கிடையாது. கறுப்பு மண். காற்று கடல் பக்கமிருந்து வந்தால் மீன் வாடை, கம்பெனிப் பக்கமிருந்து வந்தால் தொண்டை எரியும். ஒரு பக்கம் கோல் போஸ்ட், கப்பலிலிருந்து வந்த பழைய கட்டைகளை நட்டது. இன்னொரு பக்கம் இரண்டு டிரம். கோடு போட சுண்ணாம்புக்கு வழியில்லை. பாய்லர் சாம்பலைக் கொட்டிக் கோடு போடுவார்கள். ஆட்டம் முடிந்து வரும்போது எல்லோர் காலும் சாம்பல்.

நான் பெண் பிள்ளை. ஆட விடமாட்டார்கள். கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார விடுவார்கள். அங்கே உட்கார்ந்துதான் அந்த வருஷத்து ஆட்டங்களை எல்லாம் பார்த்தேன். என் அண்ணன் ஃபார்வர்டு.

ரெஃப்ரி எடுக்கிற முறையையும் சொல்ல வேண்டும். அது நம் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன். வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டம் எங்கள் மைதானத்தில் என்றால், வருகிற டீம்தான் ரெஃப்ரியை எடுக்கும். ஆனால் எங்கள் தெருவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் டீம் அவர்கள் பக்கம் போனால், அவர்கள் தெருவில் ஒருவரை நாங்கள் கை காட்டுவோம். எடுக்கப்பட்டவர் முடியாது என்று சொல்லக் கூடாது. சொன்னால் பயந்துவிட்டான் என்று பேச்சு வரும்.

எங்கள் பக்கத்து ஆள் என்றால் எங்களுக்குச் சந்தேகம் வராது. அவர்கள் எடுத்த ஆள் என்றால் அவர்களுக்கும் சந்தேகம் வராது. இதைவிட நியாயம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம்.

வருகிறவர்கள் எப்போதும் எடுப்பது என் அப்பாவை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம்.

நைனாவுக்கு ஹார்பரில் வேலை. சிக்னல் காட்டுகிற வேலை. கப்பலின் வயிற்றில் ஆட்கள் நின்று வலையில் மூட்டைகளை அடுக்குவார்கள். மேலே மூட்டையைத் தூக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. நடுவில், திறப்பின் ஓரத்தில் நைனா நிற்பார். அவர் கை மேலே போனால் மூட்டை மேலே போகும். கை நின்றால் மூட்டை நிற்கும். அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பயனில்லை. எல்லாம் கைதான்.

அதற்கு இரண்டு சட்டம் இருந்தது. காட்டின கையை நடுவில் மாற்றக் கூடாது. தப்பாகவே காட்டியிருந்தாலும், அது முடிந்து மூட்டை நின்ற பிறகுதான் அடுத்த கை. மாற்றிக் காட்டினால் மேலே இருப்பவர் குழம்புவார், கீழே இருப்பவன் சாவான். இன்னொன்று, வின்ச் டிரைவர் தலையாட்டுகிற வரைக்கும் கையை இறக்கக் கூடாது. தலையாட்டினால் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

வீட்டிலும் அதே பழக்கம். தண்ணீர் வேண்டும் என்றால் பானையைக் காட்டுவார். காட்டினபடியே உட்கார்ந்திருப்பார். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

“தலையாட்டிட்டேன் சாமி, கைய எறக்கு. இது இன்னா கப்பலா?”

மைதானத்திலும் அவர் அதிகம் பேசமாட்டார். பெனால்டி என்றால் கையை நேராக நீட்டி, விரலைக் கீழே காட்டி நிற்பார். இரண்டு கேப்டன்களும் தலையாட்டுகிற வரைக்கும் நிற்பார். எவ்வளவு திட்டினாலும் அந்தக் கை இறங்காது. கடைசியில் அவர்களே அலுத்துப்போய்த் தலையாட்டுவார்கள். அவரிடம் ஒரு பித்தளை விசில் இருந்தது. உள்ளே உருளுகிற குண்டு எப்போதோ விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு காய்ந்த பட்டாணியைப் போட்டிருந்தார். எச்சில் பட்டுப் பட்டாணி ஊறிவிட்டால் விசில் ஊதாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் விசிலை ஓட்டு விளிம்பில் வெயிலில் காய வைப்பார்.

அண்ணன் நன்றாக ஆடுவான். அதை நான் சொல்ல வேண்டாம், எதிர் டீமான பக்கத்து எர்ணாவூர்க்காரர்களே சொல்வார்கள். ஆனால் ஃபவுல் வாங்க அவன் ஒரு வேலை பண்ணுவான். விழுவான்.

கடற்கரையில் பழகுவான். நான்தான் கூடப் போவேன். நான் தடுக்கிற பேக், அவன் ஃபார்வர்டு. நான் காலை நீட்ட வேண்டும். என் கால் படுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் விழ வேண்டும். சீக்கிரம் விழுந்தால் தெரிந்துவிடும், லேட்டாக விழுந்தால் அடிபடும்.

“இன்னா குட்டி, கால் பட்ச்சா?”

“படல.”

“பட்ட மாரி இருந்துச்சா?”

“நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்த. நான் கால்லதான ஒதச்சேன்?”

“ஆமால்ல. திரும்ப வா.”

விழும்போது ‘யம்மோவ்’ என்று ஒரு கத்து கத்துவான். கடலில் வலை இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டத்தில் அந்தக் கத்து எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அம்மா இறால் உரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

“ஏன்டா, நீ வுழுறதுக்கு என்னிய ஏன்டா ஆட்டத்துக்கு இஸ்துக்கினு வர?”

ஆனால் நிஜமாக அடிபட்டால் அண்ணனுக்குச் சத்தம் வராது. அது வீட்டில் எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை படகுக் கட்டையில் இருந்த துருப்பிடித்த ஆணி அவன் பாதத்தில் ஏறி மேலே எட்டிப் பார்த்தது. அவன் உதடு இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயே இல்லாத மாதிரி இருந்தது முகம். நைனாதான் ஆணியைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

“கத்தவே இல்ல பாரு, கம்முனு குந்திகினு கீறான்.”

அந்த வருஷம் ஹார்பரில் நைனாவுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. பெரிய பெட்டிகளில் சரக்கு வர ஆரம்பித்த சமயம். பெட்டிக்கு மூட்டை தூக்குகிற ஆளும் வேண்டாம், கை காட்டுகிற ஆளும் அவ்வளவு வேண்டாம். காலையில் போய் வெறுங்கையோடு திரும்புவார். வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். அம்மாவின் இறால் வேலையில் சோறு வந்தது.

அப்போது கம்பெனிகளில் ஃபுட்பால் டீம் இருந்தது. நன்றாக ஆடுகிற பையனை டீமுக்கு எடுப்பார்கள். டீமுக்கு எடுத்தால் வேலை. பர்மனென்ட். காலையில் கார்டு அடிப்பது, சாயங்காலம் பிராக்டிஸ். அண்ணன் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அவனுக்கு உள்ளே போக அந்த ஒரு கேட்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆட்டம் பார்க்க கம்பெனி ஆபீசர் ஒருவர் வெள்ளை ஸ்கூட்டரில் வந்தார். இறங்கமாட்டார். ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து பார்ப்பார். செமி ஃபைனலில் அண்ணன் ஒரு கோல் அடித்தான். அப்புறம் கோலுக்கு முன்னால் பாக்ஸில் விழுந்து, யம்மோவ் என்று கத்தி, ஒரு பெனால்டியும் வாங்கினான். அன்றைக்கு நைனா ஹார்பரில், அதனால் ரெஃப்ரி வேறு ஆள். கூட்டம் சிரித்தது. எல்லோருக்கும் தெரியும். ரெஃப்ரிக்கு மட்டும் தெரியவில்லை.

ஆபீசர் டீக்கடையில் நின்று டீ குடித்தார். கடைக்காரரிடம் சொன்னதை, நைனா டீ குடிக்கப் போனபோது கடைக்காரர் அப்படியே சொன்னார்.

“உன் புள்ள சோக்கா ஆட்றானாம் அண்ணாத்தே. ஆனா வுழுறானாம். வுழுற பையன் எனக்கு வேணாம்ன்றாரு. ஃபைனல்ல பாத்துட்டு சொல்றேன்னு பூட்டாரு.”

நைனா எழுந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஃபைனல் எர்ணாவூர் டீமோடு. எங்கள் மைதானத்தில். அப்படியென்றால் ரெஃப்ரி எடுப்பது அவர்கள்.

அவர்கள் கேப்டன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். ஆட்டத்தில் அவன்தான் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பெரிய ஆள். எங்கள் பையன்கள் பாதிப் பேர் வெறுங்கால். அண்ணனுக்குக் கிழிந்த கேன்வாஸ் ஷூ. அந்த ஸ்டாப்பர் ஒருத்தனிடம்தான் அடியில் தோல் குமிழ் அடித்த பூட்ஸ் இருந்தது. எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணாத்தே, நீதான் ஊதணும். உன்ன வுட்டா இந்தப் பக்கத்துல நாயமான ஆளு யாரு கீறா?”

“என் புள்ள ஆட்றான்பா.”

“தெரியும் அண்ணாத்தே. அதனாலதான் கேக்கறோம். உனுக்குப் புள்ளயும் ஒண்ணு, நாங்களும் ஒண்ணு. ஊரே சொல்லுது.”

நைனா தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஹார்பரில் யாரும் அவரை அப்படி மதித்துக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.

“முடியாதுன்னு சொல்லு.”

நைனா தலையாட்டினார். அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவன் போன பிறகு டீக்கடைக்காரர் வந்தார். அவர் யாருக்கும் பயப்படாமல் பேசுவார்.

“மருவாதிக்கு உன்ன எடுக்கல அண்ணாத்தே. நீ உன் புள்ளைக்கு ஊதமாட்டன்னு எடுத்துக்கீறானுங்க. ஊருக்குப் பயப்பட்ற ஆளு நீ.”

“நான் யாருக்கும் ஊதமாட்டேன். ஃபவுலுக்கு ஊதுவேன்.”

“பாப்போம்.”

ராத்திரி சாப்பிடும்போது நைனா அண்ணனிடம் பேசினார். சாதாரணமாக அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

“நாளிக்கு வுழாத.”

“அவன் தள்ளுனா?”

“தள்ளுனாலும் நில்லு. அந்த ஆளு ஸ்கூட்டர்ல குந்தி உன்னதான் பாப்பான்.”

“நின்னா நீ ஊதுவியா?”

“தப்புன்னா ஊதுவேன்.”

அண்ணன் தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

“சர்தான் நைனா, வுழல.”

ஃபைனல் அன்றைக்குக் காற்று கம்பெனிப் பக்கமிருந்து வந்தது. கண் எரிந்தது. கூட்டம் சுவர் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளை ஸ்கூட்டர் மூலையில் நின்றது. நான் கோல் போஸ்டுக்குப் பின்னால், சாம்பல் கோட்டை ஒட்டி உட்கார்ந்தேன்.

ஆரம்பத்திலிருந்தே ஸ்டாப்பர் அண்ணன் மேல்தான் இருந்தான். பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருந்தான். பனியனைப் பிடித்து இழுத்தான். பூட்ஸால் விரலை மிதித்தான். நைனா முதுகு திரும்பினால் முழங்கையால் விலாவில் இடித்தான். அண்ணன் விழவில்லை. தள்ளாடுவான், நிற்பான். நின்றுவிட்டு நைனாவைப் பார்ப்பான்.

நைனா ஊதவில்லை. நிற்கிறவனுக்கு எப்படி ஊதுவது என்று நினைத்தாரோ என்னவோ. விழுந்தால்தான் ஃபவுல் என்று எல்லோர் கண்ணும் பழகிவிட்டிருந்தது. அவர் கண்ணும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

எர்ணாவூர் ஒரு கோல் போட்டது. அதற்கப்புறம் ஸ்டாப்பர் விழ ஆரம்பித்தான். அண்ணன் பக்கத்தில் போனாலே போதும், காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான். ‘ஐயோ ஐயோ’ என்பான். நைனா ஊதுவார். எழுந்திருக்க மாட்டான். தண்ணீர் கேட்பான். ஷூ லேஸைக் கட்டுவான். எல்லாம் சங்கு ஊதுகிற வரைக்கும் நேரத்தைத் தின்கிற வேலை.

எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

“இன்னா அண்ணாத்தே, காலைல எந்த வூட்ல சாப்ட?”

“எர்ணாவூர்ல பொண்ணு பாத்துக்கீறாராடா அவருக்கு?”

“டேய், அவன் டபாய்க்கறான்டா! கண்ணு தெரில?”

நைனா காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. கத்தக் கத்த அவர் இன்னும் எர்ணாவூர்ப் பக்கம் சாய்ந்தார். சாய்வது நியாயம் என்று நினைத்துச் சாய்ந்தார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் தெரிந்தது.

வெயில் இறங்கியது. எல்லோரும் கம்பெனிப் புகைக்கூண்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சங்கு ஊதுகிற நேரம் நெருங்கினால் அப்படித்தான். பந்தைப் பாதி, சுவரைப் பாதி பார்ப்பார்கள்.

அப்போது பந்து அண்ணனிடம் வந்தது.

ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் வழுக்கி உட்கார்ந்தான். அண்ணன் பாக்ஸின் சாம்பல் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். நேராக என்னைப் பார்த்து வருகிற மாதிரி இருந்தது. கோல்கீப்பருக்கும் அவனுக்கும் நடுவில் ஸ்டாப்பர். அண்ணன் பந்தை இந்தப் பக்கம் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போனான். ஸ்டாப்பர் பந்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு பூட்ஸும் தரையை விட்டுத் தூக்கி வந்தன. கணுக்காலில் இறங்கின.

அண்ணன் விழுந்தான்.

நைனா பின்னாலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஸ்டாப்பரின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். அண்ணன் விழுந்ததும், யோசிக்காமல், இரண்டு கையையும் வீசி ‘ஒன்றுமில்லை, ஆடு’ என்று காட்டினார். கை முன்னால் போய்விட்டது.

கூட்டம் ஊளையிட்டது.

“வுழுந்துட்டான்டா! ஆரம்பிச்சிட்டான்!”

“டிராமா கொட்டாய்ல சேத்து வுடு!”

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். உதடு இரண்டும் உள்ளே மடிந்திருந்தது. வாயே இல்லை.

நான் எழுந்து கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நைனா! கத்தல! அண்ணன் கத்தல நைனா!”

நைனாவுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தார். பிறகு கீழே அண்ணன் முகத்தைப் பார்த்தார். அந்த உதட்டைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

விசில் அவர் வாய்க்குப் போனது. பல்லுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

ஸ்டாப்பர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். அவன் வீட்டிலும் ஹார்பர் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. மெதுவாகத்தான் சொன்னான்.

“அண்ணாத்தே, கை காட்டிட்ட.”

நைனா அப்படியே நின்றார்.

“காட்டின கைய மாத்துவியா அண்ணாத்தே? அதுவும் புள்ளைக்கா?”

விசில் வாயிலிருந்து இறங்கியது. கயிற்றில் தொங்கி நெஞ்சில் ஆடியது. நைனா அண்ணன் பக்கத்தில் போனார். குனியவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, எழுந்திரு என்று காட்டினார். காட்டினபடியே நின்றார்.

அண்ணன் கீழே கிடந்தபடி அந்தக் கையைப் பார்த்தான். தலையாட்டினான்.

எழுந்தான். ஒரு காலில் எழுந்தான். லைன் ஓரம் வரைக்கும் நொண்டிக்கொண்டு போய் நின்றான். பந்து அவனிடம் வரவில்லை, வந்தாலும் எடுத்திருக்க முடியாது. நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் கொஞ்சம் புகை இருந்தது. ஸ்கூட்டர் இல்லை.

அப்புறம்தான் சங்கு ஊதியது.

எர்ணாவூர்க்காரர்கள் ஜெயித்தார்கள். போகும்போது நைனாவைத் தோளில் தூக்கினார்கள். ஜெயித்த டீம் ரெஃப்ரியைத் தூக்கினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘மகனுக்கே ஊதாத மனுஷன்’ என்று கத்தினார்கள். நைனா அவர்கள் தோள் மேல் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கத் தெரியாதவர் மாதிரி இருந்தார்.

அண்ணன் யாரோ ஒருத்தன் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்தான். கேன்வாஸ் கழறவில்லை. கால் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டது. அம்மா அரிவாள்மனையில் ஷூவை வைத்துக் கயிற்றை அறுத்தாள், அப்புறம் துணியை அறுத்தாள். கால் பந்து மாதிரி இருந்தது. நைனா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“சுளுக்கு” என்றார்.

“சுளுக்கா? வந்து பாரு.”

“சுளுக்குதான். பத்து போடு.”

எலும்பு உடைந்திருக்கிறது என்று சொன்னால் அது ஃபவுல் என்று ஆகிவிடும். அதனால் சுளுக்கு. மூலிகை அரைத்துப் பத்து போட்டார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள். நீவினபோதும் அண்ணன் கத்தவில்லை. சில வாரம் கழித்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனபோது அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். எலும்பு அதுபாட்டுக்குக் கோணலாகச் சேர ஆரம்பித்துவிட்டது.

தெருவில் நைனாவுக்கு மரியாதை கூடியது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதையும் சண்டையாகச் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஊரு மெச்சிக்கிச்சி. புள்ள நொண்டறான்.”

கம்பெனியில் அந்த ஸ்டாப்பரை எடுத்தார்கள். அவன் விழுந்ததெல்லாம் ஆபீசர் கண்ணுக்கு நிஜமாகத் தெரிந்திருக்க வேண்டும். ரெஃப்ரி ஊதினாரே.

விசிலை நைனா அன்றைக்கு வழக்கம்போல ஓட்டு விளிம்பில் வைத்தார். எடுக்கவில்லை. வெயில் போய் மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் நான் எக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த பட்டாணி ஊறி, முளைவிட்டு, விசிலின் வாய் வழியாக வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அம்மாவிடம் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, கால்வாயில் வீசினாள். அடுத்த வருஷம் நைனாவை எடுக்க வந்தவர்களிடம் அவர் “விசில் இல்ல” என்றார். அத்தோடு சரி.

அண்ணன் ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளினான். பிறகு மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்தான். ஒரு காலில்தான் மிதிப்பான், இன்னொரு கால் கூடப் போய்வரும். வண்டிக்கு மோட்டார் வைத்த பிறகுதான் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் ஆயிற்று. நைனாவைக் கடைசி வரைக்கும் வைத்துப் பார்த்தவனும் அவன்தான். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பல வருஷம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நைனா வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் நடந்து போனால், அவர் வேறு பக்கம் பார்ப்பார். நடையைப் பார்க்கமாட்டார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு இப்போது வீடு எர்ணாவூரில். கவர்மென்ட் கட்டின குடியிருப்பில், மாடியில். “கடைசில அவனுங்க ஊருக்கே வந்துட்டேன் பாரு” என்பான். நைனா இருந்தபோது, போன தடவை உலகக் கோப்பை நடந்த சமயம் ஒரு சாயங்காலம் நான் போயிருந்தேன். நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது போய்விட்டது. கண் ஆபரேஷன் பண்ணினதால் பார்வை பழுதில்லை. டிவியில் ஆட்டம் ஓடியது.

ஒருத்தன் பாக்ஸில் விழுந்து உருண்டான்.

“டபாய்க்கறான்” என்றான் அண்ணன்.

ரெஃப்ரியும் ஒன்றுமில்லை என்று கை காட்டினான். ஆட்டம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி காதில் மாட்டியிருந்த கருவியைப் பிடித்துக்கொண்டான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு லைனுக்கு வெளியே ஓடினான்.

“எங்கடா ஓட்றான்?” என்றார் நைனா.

அண்ணன் அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னான்.

“அங்க ஒரு டிவி கீது நைனா. திரும்பப் போட்டுப் பாப்பான்.”

“பாத்து?”

“தப்பா காட்டிருந்தா மாத்துவான்.”

“இன்னாது?”

“மாத்துவான் நைனா! காட்டின கைய மாத்துவான்!”

நைனா டிவியைப் பார்த்தார். அந்த ரெஃப்ரி திரும்பி ஓடி வந்து, கையை நீட்டி, பெனால்டி காட்டினான். ஒரு பக்கத்து ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு கத்தினார்கள். யாரும் சாகவில்லை.

“மாத்தலாமா?” என்றார் நைனா.

“இப்ப ரூலு நைனா. மாத்தலாம்.”

நைனா டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். அண்ணன் நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தார். அந்தக் கணுக்காலை அவர் நேராகப் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீ கத்தல” என்றார்.

அண்ணன் திரும்பினான்.

நைனா வலது கையைத் தூக்கினார். மெதுவாகத்தான் வந்தது. நேராக நீட்டினார். விரலைக் கீழே, தரையைப் பார்த்துக் காட்டினார். இறக்கவில்லை.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் உதடு இரண்டும் உள்ளே மடிந்தது. நான் எழுந்து போய் நைனாவின் முழங்கையைத் தாங்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. அது என்னிடம் காட்டின கை இல்லை.

டிவியில் பெனால்டி போட்டார்கள். கூட்டம் கத்தியது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நைனாவின் கை கொஞ்சம் தாழ்ந்தது, திரும்ப மேலே போனது.

அண்ணன் தலையாட்டினான்.

நைனா கையை இறக்கினார்.